லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலப் பக்கம் படம் எடுக்கப் போனவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

அல்சூர்க்காரன்:
ஹான்லே எல்லாருக்கும் தெரிந்த ஊர்தான், இரவு வானம் எடுக்கப் போனேன், அதை விடுங்கள். மறுநாள் காலையில் கியாங் என்கிற காட்டுக்கழுதைக் கூட்டத்துக்காக 600 மி.மீ. லென்ஸை முக்காலியில் மாட்டி நின்றிருந்தேன். ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், திபெத்திலிருந்து வந்த குடும்பம், பார்க்கலாமா என்று ஹிந்தியில் கேட்டார். கியாங்கைக் காட்டினேன். அவர் லென்ஸைக் கிழக்கே ஒரு முகட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டார். ஆடுகள் எங்களைத் தாண்டிப் போய்விட்டன, அவர் நகரவே இல்லை. திபெத்தில் 1959இல் சீன ஆட்சிக்கு எதிராக நடந்த கலவரத்துக்கு அப்புறம் அப்பா மந்தையோடு அந்த வழியாகத்தான் வந்தாராம், அவர்கள் புல்வெளி அந்த முகட்டுக்கு அப்பால் இருந்ததாம். உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா என்றேன். என்னை வேண்டாம், அதை எடு என்று மலையைக் காட்டினார். எடுத்தேன், பெரிதாகப் பிரிண்டும் போட்டாகிவிட்டது. இந்தக் கோடையில் யாராவது போகிறீர்களா, கொடுத்தனுப்ப வேண்டும்.

ஹொசகோட்டைவாசி:
ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை எங்கள் ஹொசகோட்டையில் உட்கார்ந்துதான் செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள், அதனால் அந்த ஊர் மேல் எனக்குத் தனிப் பாசம். என் அனுபவம் சாங்தாங்கில் இருக்கும் த்ஸோ கார் ஏரியில். கருங்கழுத்துக் கொக்கு ஜோடியை நோக்கி நடந்தேன், மேய்ப்பர் வீட்டுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தாள், குஞ்சு இருக்கிறதாம். அவ்வளவுதான்.
போகிறவர்களுக்கு ஒன்று. லே 3,500 மீட்டர், ஹான்லே 4,300 மீட்டருக்குப் பக்கம். லேயில் ஓய்வெடுக்காமல் நேராக ஏறாதீர்கள், தலைவலியோடு வாந்தியும் வந்தால் உடனே கீழே இறங்குங்கள். பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், குளிரில் சட்டென்று வடிந்துவிடும். அந்த உயரத்தில் லென்ஸில் போலரைசர் வடிகட்டி போட்டால் வானம் கறுத்தே போகும். 2022இல் ஹான்லேயை இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், இரவில் வண்டி முகப்பு விளக்கைப் போட்டு அடுத்தவர் படத்தைக் கெடுக்காதீர்கள். ஆளில்லாத வெட்டவெளி, அவசரத்துக்கு உதவி கிடைக்காது.

குஷால்நகர் சாலை:
ஹொசகோட்டை நண்பரே, ஆளில்லாத வெட்டவெளி என்று எப்படி எழுதுகிறீர்கள்? உங்களை மறித்த பிள்ளை யார்? சாங்பா நாடோடி மேய்ப்பர்கள் காலங்காலமாக மேய்க்கிற இடம், திபெத்தியர்கள் வந்து சேர்ந்த இடம். நாம் போகும் வாரத்தில் கூடாரம் வேறு பள்ளத்தாக்கில் இருந்தால் அது வெறும் நிலம் ஆகிவிடுமா? இப்படித் தலைப்புப் போட்டுத்தான் எல்லாரும் மனிதரை வெட்டிவிட்டு ஏரியை மட்டும் வைக்கிறார்கள்.
நான் பெங்களூரிலிருந்து அடிக்கடி பைலகுப்பே திபெத்தியர் குடியிருப்புக்குப் போகிறவன். 1960களின் தொடக்கத்தில் அங்கே காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். ராத்திரியில் யானை வரும், தகரம் தட்டித்தான் விரட்டுவோம் என்று ஒரு பாட்டி சொன்னார். என் சாங்தாங் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். ஏரியை எல்லாம் தள்ளிவிட்டு ஓரத்தில் ஆடு நின்ற படத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, ஆட்டை விட்டுவிட்டு அதன் காலடியைப் பார்த்தார். ஆடி மாதத்திலேயே புல் இவ்வளவு குட்டையா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் அந்தப் படத்தைத் திறந்தால் புல்லைத்தான் பார்க்கிறேன்.
அல்சூர்க்காரரே, லேக்குப் பக்கத்தில் சோக்லம்சரில் சோனம்லிங் என்கிற திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. மேய்ப்பர் குடும்பங்களின் உறவினர் பலர் அங்கே உண்டு, விசாரித்தால் சேர்த்துவிடலாம். செப்டம்பரில் போகிறேன், பிரிண்டை என்னிடம் கொடுங்கள்.