எக்செல் சராசரியும் நோட்டுச் சராசரியும் ஒத்துவரவில்லை. இன்றிரவுக்குள் பால் ஆர்டர் சொல்ல வேண்டும்

முனைக்கடை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மளிகைக் கடையின் ஜூன் மாதப் பால் விற்பனையை எக்செலில் ஏற்றியிருக்கிறேன். ஏவரேஜ் சூத்திரம் 52 என்று காட்டுகிறது. அம்மா நோட்டில் கூட்டி வகுத்தால் 49.07 வருகிறது. திட்டவிலக்கமும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) அப்படித்தான்: எக்செலில் 7.40, பயிற்சி வகுப்பில் கற்ற முறைப்படி கையால் போட்டால் 7.25. எக்செலின் டேட்டா அனாலிசிஸ் பகுதியில் சராசரி, திட்டவிலக்கம் எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கப் பார்த்தால் பிழைச்செய்தி வருகிறது. ஆர்டரை ஐந்து பாக்கெட் கூட்டலாமா என்று ஏஜெண்டிடம் இன்றிரவே சொல்லியாக வேண்டும். எந்த எண்ணை நம்புவது?

வரிசையெண்:
பிழைச்செய்தியின் வாசகம் என்ன? கடை மூடிய நாள் உண்டா, இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன இட்டீர்கள்? நோட்டில் மொத்தம் எவ்வளவு, அதை எத்தனையால் வகுத்தீர்கள்? இவை தெரியாமல் யாரும் உதவ முடியாது.

பேரேடு:
இந்தக் கேள்விக்கு நான் பல முறை விடை எழுதிவிட்டேன். எக்செலில் திட்டவிலக்கத்துக்கு இரண்டு சூத்திரங்கள் உண்டு. எண்கள் மொத்தம் n என்றால், மாதிரிக்கான எஸ்டிடெவ்.எஸ் n−1 ஆல் வகுக்கும், முழுமைத்தொகுதிக்கான (எல்லாத் தரவும் கையில் இருப்பது) எஸ்டிடெவ்.பி n ஆல் வகுக்கும். 26 எண்கள் இருந்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ 2 விழுக்காடு வேறுபாடு வரும், உங்கள் 7.40, 7.25 அதைத்தான் காட்டுகின்றன. மென்பொருளைத் திறக்கும் முன் பாடத்தை ஒரு முறை படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

மலைக்கோட்டை:
சராசரியை விட்டுவிடுங்கள். வியாபாரத்துக்கு இடைநிலைதான், அதாவது எண்களை அடுக்கினால் நடுவில் நிற்பது. என் துணிக்கடையில் ஒரே ஒரு கல்யாண ஆர்டர் அந்த மாதச் சராசரியையே தூக்கிவிடும், இடைநிலை அசையாது.

முனைக்கடை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். உள்ளீட்டு எல்லையில் எண் அல்லாத தரவு இருக்கிறது என்று செய்தி சொல்கிறது. இரண்டு நாள் கடை மூடியிருந்தது. அந்தக் கட்டங்கள் காலி. நோட்டில் மொத்தம் 1472, 30 ஆல் வகுத்தோம்.

வரிசையெண்:
அப்படியானால் இரண்டு சராசரியுமே தவறு. மூடிய நாளையும் சேர்த்து 30 ஆல் வகுத்ததால் நோட்டுக் கணக்கு குறைந்துவிட்டது. எக்செல் காலிக் கட்டத்தைச் சேர்க்காது, அது சரி. ஆனால் எழுத்து கலந்த கட்டத்தையும் ஓசையின்றித் தாண்டிவிடும். எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும் கவுண்ட் சூத்திரத்தையும், காலியல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும் கவுண்ட்ஏ சூத்திரத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பேரேடு ஐயா ஊகித்தபடி முதலாவது 26 என்று வந்தால் 52 × 26 = 1352; நோட்டுக்கும் அதற்கும் 120 பாக்கெட் வேறுபாடு. அந்த 120 ஏதோ இரண்டு கட்டங்களில் எழுத்தாகக் கிடக்கிறது. எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே அகப்படும்.

முனைக்கடை:
அகப்பட்டது ஐயா, மிக்க நன்றி. 9ஆம் தேதியிலும் 23ஆம் தேதியிலும் தங்கை "60 பாக்கெட்" என்று தட்டியிருக்கிறாள். திருத்தியதும் சராசரி 52.57 ஆனது. டேட்டா அனாலிசிஸ் பட்டியலும் வந்துவிட்டது: குறைந்தது 38, அதிகபட்சம் 60, முகடு (அதிக முறை வந்த எண்) 60. அப்படியானால் கூட்டலாம்தானே?

பேரேடு:
ஜூன் முழுவதையும் எடுத்திருப்பதால் இது முழுமைத்தொகுதி, எஸ்டிடெவ்.பி போதும் என்று யாராவது வாதிடுவார்கள். முன்கூட்டியே மறுக்கிறேன். ஜூலைக்கு முடிவெடுக்கும்போது ஜூன் ஒரு மாதிரி மட்டுமே.

மலைக்கோட்டை:
யாரும் அப்படி வாதிடவில்லை ஐயா. ஆர்டரை முடிவு செய்வதில் 7.40க்கும் 7.25க்கும் உள்ள இந்த 0.15 வேறுபாடு எதையும் மாற்றப் போவதில்லை.

தராசு:
தம்பி, அதிகபட்சமும் முகடும் ஒரே எண்ணாக இருப்பதைப் பாருங்கள். தினமும் 60 பாக்கெட்தான் இறங்குகிறதா? அப்படியானால் 60 என்று பதிவான நாளில் 60 பேர் மட்டும் கேட்டார்கள் என்று பொருளில்லை. பால் தீர்ந்துவிட்டது என்றுதான் பொருள். உங்களிடம் இருப்பது விற்பனைக் கணக்கு, தேவையின் கணக்கு அன்று. ஒரு பாக்கெட்டில் என்ன கிடைக்கிறது, மிஞ்சினால் என்ன செய்கிறீர்கள்?

முனைக்கடை:
ஆம் அக்கா, 60தான் இறங்கும். 11 நாள் முழுவதும் தீர்ந்துவிட்டது. விற்றால் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் லாபம் கிடைக்கும். மிஞ்சினால் அம்மா உறை ஊற்றித் தயிராக விற்பார். அப்படியும் பாக்கெட்டுக்கு 4 ரூபாய் நட்டம்.

தராசு:
இந்த இரண்டு எண்களும்தான் முக்கியம். பற்றாக்குறையால் இழப்பது 2, மிச்சத்தால் இழப்பது 4 என்றால், 2-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 6 ஆல் வகுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வரும். தேவையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நிற்கும் எண்ணே ஆர்டர். அடுக்கில் அப்படி ஓர் இடத்தில் நிற்கும் எண்ணுக்கு நூற்றுமானம் என்று பெயர்; அதைத் தரும் எக்செலின் பர்சன்டைல்.இன்க் சூத்திரத்தில் 1/3 கொடுங்கள். பால் தீர்ந்த 11 நாள்கள் சராசரியைக் கெடுத்துவிட்டன. ஆனால் அவை அடுக்கின் மேற்பகுதியில் இருப்பதால் இந்த இடத்தைத் தொடுவதில்லை.

முனைக்கடை:
48 வருகிறது. கூட்டக் கேட்டேன், குறைக்கச் சொல்கிறதே!

பேரேடு:
இடத்தைச் சற்று வேறாகக் கணக்கிடும் பர்சன்டைல்.எக்ஸ்க் போட்டால் 47.67 வரும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளும் அதையே தரும். இன்க் வழியும் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் இயல்பு வழியும் ஒன்று. எதைப் பயன்படுத்தினோம் என்று குறிப்பிடாமல் நூற்றுமானத்தைச் சொல்வது முறையன்று.

மலைக்கோட்டை:
எந்த வழியில் போட்டாலும் ஏஜெண்ட் மூன்றில் இரண்டு பங்கு பாக்கெட் தர மாட்டார். என் கவலை வேறு. பால் இல்லையென்று திரும்பிப் போகிறவர் காப்பித்தூளையும் சர்க்கரையையும் அடுத்த கடையில்தான் வாங்குவார். அந்த இழப்பை வெறும் 2 ரூபாயில் அடக்கலாமா?

தராசு:
அடக்கக் கூடாது, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதற்கு மேலும் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பற்றாக்குறை இழப்பு 8 ஆகும்; அந்த 8-ஐ, மிச்சத்தின் 4-ஐயும் சேர்த்த 12 ஆல் வகுக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆகிறது. 28 நாள் அடுக்கில் அது 19ஆவது இடம். அங்கே 60 நிற்கிறது. அந்த 60 பால் தீர்ந்த நாளின் 60 என்பதால், உண்மைத் தேவை 61 ஆக இருந்ததா 75 ஆக இருந்ததா என்பதை இந்தத் தாளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 65க்கு இதில் ஆதாரம் இல்லை. பால் தீர்ந்த நேரத்தையும், அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கையையும் ஒரு மாதம் எழுதுங்கள்.

வரிசையெண்:
எழுதும்போது அளவை நெடுவரிசையின் தலைப்பில் மட்டும் வையுங்கள். கட்டத்துக்குள் எண் மட்டுமே இருக்கட்டும்.

முனைக்கடை:
இப்போதைக்கு 60ஆகவே இருக்கட்டும் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். பால் தீர்ந்த நேரத்துக்கு அம்மா நோட்டில் தனிக் கட்டம் கிழித்துவிட்டார். அனைவருக்கும் நன்றி.