மெயில் போகுது, வர மாட்டேங்குது: அவுட்லுக், தண்டர்பேர்ட் கேஸ்கள்

சர்வர்சாமி:
அவுட்லுக், தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராம்களில் கையில் வந்த கேஸ்களை இங்கே போடுங்கள். "சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் எழுதாமல், எது நின்றது, ஏன் நின்றது என்று எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

புகார் எப்போதும் ஒரே மாதிரிதான் வரும்: "அனுப்பினா போகுது சார், அப்போ நெட் நல்லாத்தானே இருக்கு?" போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. அனுப்புவது எஸ்எம்டிபி, போர்ட் (சர்வரின் வாசல் எண்) 587 அல்லது 465. வாங்குவது ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருக்கும்) என்றால் 993, பாப் (மெயிலை இந்த மெஷினுக்கு இறக்கிக்கொள்ளும்) என்றால் 995. பழைய மெஷின்களில் இன்னும் 143, 110 கிடக்கும். ஒரு பக்கம் ஓடுகிறது என்பதால் மறுபக்கமும் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எதையும் தொடுவதற்கு முன்னால் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். புது மெயில் அங்கேயே இல்லை என்றால் அவுட்லுக்கை விட்டுவிடுங்கள், கோளாறு சர்வர் பக்கம். அங்கே இருந்து இங்கே வரவில்லை என்றால்தான் இந்த மெஷினில் வேலை. இதைப் பார்க்காமல் அக்கவுண்டை அழித்து மறுபடி போடுகிறவர்கள் நிறைய. தண்டர்பேர்டில் அக்கவுண்டை நீக்கும்போது மெயில்களையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். பாப் அக்கவுண்டில் அதை டிக் செய்தால், சர்வரில் பிரதி இல்லாத பழைய மெயில் அத்தனையும் போய்விடும்.

கம்பிக்காரன்:
பாப் அக்கவுண்ட், ஒரு பிரிண்டிங் பிரஸ் மெஷின். கீழே ஸ்டேட்டஸ் பாரில் 214-இல் 37-ஆவது மெயில் இறங்குவதாகக் காட்டி அப்படியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் டைம்அவுட், அதாவது காத்திருந்து கைவிட்டுவிடும். மறுபடி ரிசீவ் கொடுத்தால் முதல் 36 மெயிலும் திரும்ப இறங்கும், 37-இல் மறுபடி நிற்கும். இன்பாக்ஸில் ஒரே மெயில் ஐந்து ஆறு தடவை.

காரணம் பாப்பின் நடைமுறையிலேயே இருக்கிறது. இறக்கிய மெயிலை அழிக்கச் சொன்னாலும் சர்வர் உடனே அழிக்காது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். கடைசியில் ஒழுங்காக 'க்விட்' சொல்லிவிட்டுப் போனால்தான் அழிக்கும். நடுவில் லைன் அறுந்தால் எதுவுமே நடக்காதது போல முதலிலிருந்து ஆரம்பம். எதுவரை இறக்கினோம் என்ற பட்டியலைப் பாதியில் எழுதி வைக்காத புரோகிராம்களில் இதனால்தான் இரட்டை இரட்டையாக வருகிறது.

37-ஆவது மெயில் பெரும்பாலும் பெரிய அட்டாச்மென்ட்டாக இருக்கும். 18 எம்பி ஃபைலை மெயிலில் வைத்தால் குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதி 24, 25 எம்பி ஆகிவிடும். அதோடு ஆன்ட்டிவைரஸின் மெயில் ஸ்கேன் நடுவில் உட்கார்ந்திருந்தால், மெயில் முழுவதையும் தானே வாங்கிச் சோதித்த பிறகுதான் அவுட்லுக்கிடம் கொடுக்கும். அதுவரை அவுட்லுக்குக்கு மறுமுனையில் பேச்சே இருக்காது. அங்கே சர்வர் டைம்அவுட் 1 நிமிடம் என்று இருக்கும். அக்கவுண்ட் செட்டிங்ஸ், மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டேப். அதிலுள்ள குமிழை வலதுபக்கம் கடைசிவரை இழுத்தால் 10 நிமிடம்.

அதிலும் அசையவில்லை என்றால் வெப்மெயிலில் சைஸ் வாரியாக அடுக்கி, அந்தப் பெரிய மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பாப்புக்கு இன்பாக்ஸ் தவிர வேறு ஃபோல்டர் கண்ணில் படாது. அடுத்த ரிசீவில் ஓடிவிடும்.

தறிநாடா:
வெப்மெயிலே திறக்காத கேஸும் உண்டு. அதற்குச் சர்வரோடு நேராகப் பேச வேண்டியதுதான். விண்டோஸில் 'கிட்' (Git, புரோகிராம் எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் மென்பொருள்) போட்டிருந்தால் அதோடு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற, பாதுகாப்பான இணைப்பில் பேச உதவும் கருவியும் வந்திருக்கும். அதன் எஸ்-கிளையன்ட் கட்டளையில் சர்வர் பெயரும் 995-உம் கொடுத்து உள்ளே போகலாம். வரி முடிவு சரியாகப் போக 'சிஆர்எல்எஃப்' ஆப்ஷனையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் அவுட்லுக்கை மூடிவிடுங்கள். பல சர்வர்கள் ஒரு பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு பாப் இணைப்பைத்தான் விடும். இரண்டாவதாக வந்தால் பெட்டி பூட்டியிருக்கிறது என்று பதில் வரும்.

யூசர் என்று அடித்து முழு மெயில் முகவரி, அடுத்த வரியில் பாஸ் என்று அடித்து பாஸ்வேர்டு. பிறகு லிஸ்ட். ஒவ்வொரு மெயிலுக்கும் எண்ணும் பைட் கணக்கும் வரிசையாக வரும். நாற்பதாயிரம், எழுபதாயிரம் என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் திடீரென்று இரண்டரைக் கோடி ஒன்று நிற்கும். அதுதான் ஆள். உடனே அழித்துவிடாதீர்கள். டாப் என்று அடித்து, இடைவெளி விட்டு மெயில் எண், இன்னொரு இடைவெளி, பூஜ்யம் கொடுத்தால் தலைப்பு வரிகள் மட்டும் வரும். யாரிடமிருந்து, என்ன பொருள் என்று உரியவரிடம் கேட்டுவிட்டு டீலி கட்டளை (டி, இ, எல், இ நான்கெழுத்து), எண், பிறகு க்விட். க்விட் அடிக்காமல் ஜன்னலை மூடினால் கம்பிக்காரன் சொன்னதுதான், அந்த மெயில் அங்கேயே இருக்கும்.

இதில் ஒரு பொறி. மெயிலை இறக்கும் கட்டளை 'ஆர்' எழுத்தில் தொடங்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வரியின் முதல் எழுத்தாகப் பெரிய 'ஆர்' வந்தால் அதைச் சர்வருக்கு அனுப்பாது, இணைப்பை மறுபடி பேரம் பேசச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். பெரிய 'க்யூ' என்றால் இணைப்பையே அறுத்துவிடும், க்விட் போய்ச் சேராது. கட்டளைகள் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடியுங்கள். சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூணாம் மாடி:
பாஸ்வேர்டு கேஸ்களை நான் எழுதுகிறேன், எண்ணிக்கையில் அதுதான் அதிகம்.

ஜிமெயில் தனிநபர் அக்கவுண்டுகளில் 2022 மே 30-க்குப் பிறகு வெறும் பாஸ்வேர்டை வைத்துப் பழைய புரோகிராம்கள் உள்ளே போக முடியாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் திரும்பத் திரும்பக் கேட்கும். வழி இரண்டு. புரோகிராமுக்கு ஓஆத் (பாஸ்வேர்டைப் புரோகிராமிடம் கொடுக்காமல் மெயில் கம்பெனியின் ஜன்னலிலேயே சைன்இன் செய்யும் முறை) தெரியும் என்றால் (தண்டர்பேர்டுக்குத் தெரியும்) அதைத் தேர்ந்தெடுத்து, வரும் கூகுள் ஜன்னலில் சைன்இன் செய்வது. தெரியாது என்றால் கூகுள் அக்கவுண்டில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (புரோகிராமுக்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்டு) எடுத்து அதைப் போடுவது. பிறகொரு நாள் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் அத்தனையும் செல்லாமல் போய்விடும். "ஒண்ணுமே பண்ணலை சார், தானா நின்னுடுச்சு" என்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், போன வாரம் மொபைலில் பாஸ்வேர்டு மாற்றியிருப்பார்.

அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் தனிநபர் அக்கவுண்டுகளுக்கு அந்தத் தேதி 2024 செப்டம்பர் 16. இங்கே ஆப் பாஸ்வேர்டும் உதவாது, ஓஆத் ஒன்றே வழி.

தண்டர்பேர்டில் ஓஆத் ஜன்னல் வெள்ளையாக நின்றாலோ, சைன்இன் முடிந்தும் சுற்றிக்கொண்டே இருந்தாலோ குக்கீ அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் இருக்கும். சேமித்த பாஸ்வேர்டு பட்டியலில் அந்த அக்கவுண்டின் பழைய வரிகளையும் நீக்கிவிட்டு, மூடித் திறந்து முயலுங்கள்.

ஆப்பிள்பெட்டி:
சின்னதாக ஒன்று. அவுட்லுக்கில் சென்ட்/ரிசீவ் டேபில் 'வொர்க் ஆஃப்லைன்' அழுந்தியிருக்கிறதா, இன்பாக்ஸ் மேலே 'அன்ரெட்' மட்டும் காட்டும் ஃபில்டர் போட்டிருக்கிறதா, தேதிக்குப் பதிலாக அனுப்பியவர் பெயரில் அடுக்கியிருக்கிறதா. மூன்றும் அரை நிமிட வேலை. நாள் முழுக்க "மெயில் வரலை" என்று கிடந்த மெஷினில் மெயில்கள் எல்லாம் அகர வரிசையில் கீழே பத்திரமாக இருந்ததுண்டு.

சர்வர்சாமி:
பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் மெயிலை மெஷினில் சேமித்து வைக்கும் ஃபைல்) நிரம்பும் கேஸை யாரும் தொடவில்லை. ஆடிட்டர் ஆபீஸ்களில் இது சகஜம், யாரும் எதையும் அழிக்க மாட்டார்கள்.

அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டிக்கு வரம்பு 50 ஜிபி. 2003, 2007-இல் 20. அதற்கும் முந்தைய வடிவத்தில் 2 ஜிபிதான். அந்தக் காலத்து ஃபைலைப் புது அவுட்லுக்கில் திறந்து வைத்தாலும் அதே 2 ஜிபியில் நிற்கும். வரம்புக்குக் கிட்ட வந்ததும் புது மெயில் எழுத இடமிருக்காது. பெரிய மெயில்களை டெலிட் செய்தாலும் ஃபைல் அளவு குறையாது. டெலிடெட் ஐட்டம்ஸைக் காலி செய்து, டேட்டா ஃபைல்ஸ் டேபில் அந்த ஃபைலின் செட்டிங்ஸுக்குள் 'காம்பேக்ட் நவ்' கொடுக்க வேண்டும். 40 ஜிபிக்கு மேல் என்றால் சாயங்காலம் போட்டுவிட்டுப் போங்கள்.

விண்டோஸின் உள் செட்டிங்ஸ் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் 50-ஐ உயர்த்தலாம் என்பது தெரியும். நான் செய்வதில்லை. அத்தனை பெரிய ஃபைல் ஒரு நாள் பழுதானால் அதைப் பழுது பார்க்கும் ஸ்கேன்பிஎஸ்டி புரோகிராம் ஓடி முடிவதற்குள் ஆபீஸ் நின்றுவிடும். வருடத்துக்கு ஒரு பிஎஸ்டி பிரித்துப் பழையதை அதில் நகர்த்துவதே மேல்.

எரர் எண் 80040600 என்றால் ஃபைல் பழுது. அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டியை முதலில் வேறு டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, ஆபீஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டுங்கள். ஒரு தடவையில் விடாதீர்கள், பிழை இல்லை என்று வரும்வரை மறுபடி மறுபடி. 800-க்குப் பின் மூன்று 'சி' வந்து 19-இல் முடியும் எரர் டைம்அவுட். 92-இல் முடிந்தால் சர்வர் லாகினை ஏற்கவில்லை.

மூணாம் மாடி:
சாமி, ஐமேப் என்றால் அவுட்லுக் 2013 முதல் பிஎஸ்டி கிடையாது, ஓஎஸ்டி, அதாவது சர்வரில் உள்ள மெயிலின் பிரதி வைக்கும் ஃபைல். அதைப் பழுது பார்ப்பதைவிடப் பெயர் மாற்றி வைத்துவிட்டு அவுட்லுக்கைத் திறந்தால் புதிதாக இறக்கிக்கொள்ளும். ஆனால் "இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்" என்று குறித்த கான்டாக்ட்ஸ், காலண்டர் அந்த ஓஎஸ்டிக்குள்ளேதான் இருக்கும், சர்வரில் இருக்காது. முதலில் அவற்றை ஒரு பிஎஸ்டிக்கு எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பழைய ஓஎஸ்டியை ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

கம்பிக்காரன்:
ஒரே ஆபீஸில் எட்டு மெஷினிலும் ஒரே நேரத்தில் நின்றால் மெஷினைத் திறக்காதீர்கள். ஒரு லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ரிசீவ் கொடுங்கள். மெயில் வந்தால் ஆபீஸின் ஐபியை (ஆபீஸ் இணைப்பின் இணைய முகவரியை) மெயில் சர்வர் தடுத்திருக்கிறது. ஆபீஸ் வைஃபையில் யாரோ ஒருவரின் போன் பழைய பாஸ்வேர்டோடு சில நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வர் அதைத் திருட்டு முயற்சி என்று எண்ணி மொத்த ஐபியையும் பூட்டும். ஹோஸ்டிங்காரரிடம் சொல்லித் திறந்தாலும், அந்த போனைக் கண்டுபிடிக்காதவரை மறுபடி பூட்டிக்கொள்ளும்.

சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழில் எரர் வந்தால் மெஷினின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்துப் போய், தேதி பல வருஷம் பின்னால் கிடக்கும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

எரரே இல்லாமல் தண்டர்பேர்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் சர்வர் பழசாக இருக்கலாம். 2020-இல் வந்த 78-ஆம் வெர்ஷன் முதல், இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய 1.0, 1.1 இரண்டையும் அணைத்துவிட்டார்கள். கான்ஃபிக் எடிட்டரில் டிஎல்எஸ் குறைந்தபட்ச வெர்ஷன் 3 (அதாவது 1.2) என்று இருப்பதை 1 (அதாவது 1.0) ஆக்கிப் பாருங்கள். உடனே மெயில் வந்தால் காரணம் உறுதி. மறுபடி 3 ஆக்கிவிட்டு, சர்வரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

தறிநாடா:
வெப்மெயிலிலேயே வரவில்லை என்றால் இரண்டு இடம்.

ஒன்று, பெட்டி நிரம்பியிருக்கும். சின்ன ஹோஸ்டிங்கில் ஒரு பெட்டிக்குக் கொடுக்கும் இடம் குறைவு. பாப்பில் 'சர்வரில் பிரதி வை' என்று டிக் செய்து, எத்தனை நாள் என்பதைப் போடாமல் விட்டிருப்பார்கள். 14 நாள் போடுங்கள். ஜிமெயிலின் 15 ஜிபியில் டிரைவும் போட்டோவும் சேர்த்தி, அங்கே கல்யாண வீடியோ ஏற்றியதற்கு இங்கே மெயில் நிற்கும்.

இரண்டு, வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது டொமைனின் முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் வரிகளை (மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) எடுத்து வைக்க மறந்துவிடுவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெயில் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ இருக்கும், எம்எக்ஸும் சரியாக இருக்கும், வெளி ஆள் அனுப்புவது எல்லாம் வரும். வெப்சைட்டின் 'தொடர்புகொள்ள' படிவத்தில் நிரப்பியது மட்டும் வராது. ஹோஸ்டிங் சர்வர் அந்த டொமைனைத் தன் வீட்டுக்காரர் என்று நினைத்து, வெளியே விசாரிக்காமல் தன்னிடமே போட்டுக்கொள்கிறது. ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் இமெயில் ரூட்டிங்கில் 'லோக்கல்' என்பதை 'ரிமோட்' ஆக்கினால் அந்த நிமிடமே வரத் தொடங்கும். அதுவரை வந்தவை சர்வரின் பழைய பெட்டியில் கிடக்கும். அந்தப் பெட்டியின் வெப்மெயிலில் நுழைந்து எடுத்துவிடுங்கள், பாதி ஆர்டர் அங்கேதான் இருக்கும்.

ஆப்பிள்பெட்டி:
தண்டர்பேர்டில் ஐமேப்புக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இயல்பாக அது இன்பாக்ஸை மட்டுமே சோதிக்கும். சர்வரில் ஃபில்டர் போட்டு 'பேங்க்', 'ஜிஎஸ்டி' என்று தனி ஃபோல்டருக்குப் போகும் மெயில், அந்த ஃபோல்டரைக் கிளிக் செய்யும்வரை தெரியாது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'புது மெயிலுக்கு இதையும் சோதி' என்ற டிக். பட்டியல் குழம்பியிருந்தால் அதே ஜன்னலில் 'ரிப்பேர் ஃபோல்டர்'. அது எம்எஸ்எஃப் என்ற அட்டவணை ஃபைலைத் திரும்பக் கட்டும்.

பாப் வைத்திருப்பவர்கள் புரொஃபைல் ஃபோல்டரைக் கையால் திறந்தால் கவனம். இன்பாக்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எம்எஸ்எஃப் என்று முடிவதை அழிக்கலாம், திரும்ப உருவாகிவிடும். எந்த வாலும் இல்லாத இன்னொன்றில்தான் மெயில் எல்லாம் இருக்கிறது. ஆன்ட்டிவைரஸ் ஒரே ஒரு கெட்ட அட்டாச்மென்ட்டைப் பார்த்துவிட்டு அந்த முழு ஃபைலையும் குவாரண்டைனில் (சந்தேக ஃபைல்களைத் தனியே பூட்டி வைக்கும் இடம்) தூக்கிப் போடுவதும் உண்டு. இன்பாக்ஸ் திடீரென்று காலியானால் தண்டர்பேர்டை மூடிவிட்டு முதலில் குவாரண்டைன் பட்டியலைத் திறந்து பாருங்கள், அங்கிருந்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் இருந்த இடத்துக்கே வந்துவிடும்.