சிறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களே, இன்னும் உங்களை உறுத்தும் ஒரு சம்பவம்?

மூன்றாம்மாடி:

வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வாடகை பாதியானது, அலுவலகம் போய்வர மூன்று மணி நேரம் ஆனது இருபது நிமிடமாகச் சுருங்கியது, இதெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் வேறு பாட வேண்டாம். ஒரு மருந்துக்கடை விஷயம் மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எனக்குத் தூக்கம் வராது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை உண்டு. அன்று கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் என் மகனின் வகுப்பாசிரியை. என் முறை வந்தது. சீட்டை நான் பிரிக்கக்கூட இல்லை, கடைக்காரர் கேட்டுவிட்டார்: “தூக்க மாத்திரைதானே அம்மா? போன தடவை வாங்கியதே இன்னும் ஆறு நாளைக்கு வருமே. சேர்த்துப் போட்டுக்கொள்கிறீர்களா?” குரலில் கிண்டல் இல்லை, அதட்டல் இல்லை. உண்மையான அக்கறை. அதனால்தான் திருப்பி ஒன்றும் சொல்ல முடியவில்லை. திரும்பினேன். ஆசிரியை சுவரில் தொங்கிய காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பெருநகரத்தில் பதினொரு வருடம் ஒரே கடையில் வாங்கினேன். அங்கே ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான்.

அந்த ஆறு நாள் கணக்கு சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவுப்பணி:

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கடைக்காரர் பக்கம்.

என்னோடு அம்மா மட்டும். வேலை விஷயமாக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். காலையில் பேப்பர் போட வந்த பையன், நேற்றைய பேப்பர் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறான். அதன்மேல் இன்றையதைப் போட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, இருவரும் பின்கதவின் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனார்கள். அம்மா குளியலறையில் இடுப்பு எலும்பு முறிந்து, ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அந்த இரண்டு பேப்பர்களும் மடிப்புக் கலையாமல் மேசைமேல் இருந்தன. அதைத்தான் மறக்க முடியவில்லை.

பெருநகரத்தில் எதிர்வீட்டுக்காரரோடு ஒன்பது வருடப் பழக்கம். பழக்கம் என்றால், வாசலில் கிடக்கும் செருப்பை வைத்து அவர் உள்ளே இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு. எத்தனை மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்க ஓர் ஆள் இருப்பதைப் போய்க் குற்றம் என்கிறீர்களே.

வெள்ளைப்பலகை:

இரவுப்பணி, உங்கள் அம்மா பிழைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா? எலும்பு கொஞ்சம் பொறுக்கும், மூளை பொறுக்காது.

“மருத்துவமனை பத்து நிமிடத்தில்” என்று சொல்லித்தான் வீட்டுத் தரகர் எங்களைச் சம்மதிக்க வைத்தார். பொய்யில்லை. அப்பாவுக்கு இரவு பத்தே காலுக்கு வாய் கோணியது, பத்தரைக்கெல்லாம் உள்ளே இருந்தோம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடக்கூடும். ஸ்கேன் இயந்திரம் இருந்தது. அதை இயக்குபவர் வீட்டுக்குப் போயிருந்தார். நரம்பியல் மருத்துவர் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார். அன்று சனிக்கிழமை.

ஆளுக்கு ஆள் தொலைபேசியில் பேசிவிட்டு, கடைசியில் பெருநகரத்துக்கே கொண்டு போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பச்சை எண்களில் ஒரு கடிகாரம். இரண்டே முக்கால் ஆனபோது நாங்கள் நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் இருந்தோம். போய்ச் சேர மூன்று ஐந்து.

இப்போது அப்பா சட்டைப் பொத்தான்களை இடது கையால்தான் போடுகிறார். நேரமாகும். யாரையும் உதவ விடமாட்டார்.

கணக்குப்பிள்ளை:

கொஞ்சம் உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். என் அனுபவம் சிறியது: தணிக்கை நடக்கும் வாரத்தில் இரண்டு நாள் இணையம் போனது, மொட்டைமாடியில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி கோப்பு அனுப்பினேன், முடிந்தது.

விஷயம் என்னவென்றால், வெள்ளைப்பலகைக்கு நேர்ந்தது விதியும் அல்ல, வெறும் அலட்சியமும் அல்ல. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் 1933-லேயே இதை விளக்கிவிட்டார். அன்றாடம் தேவைப்படுவது எந்தச் சிற்றூரிலும் பிழைக்கும். எப்போதாவது தேவைப்படுவது பிழைக்கப் பெரிய மக்கள்கூட்டம் வேண்டும், ஆகவே அது பெரிய ஊரில்தான் உட்காரும். நரம்பியல் நிபுணர் வாரம் இரண்டு நாள் வருவதன் காரணம் அவ்வளவுதான். அந்த ஊரின் நோயாளிகள் அவருக்கு இரண்டு நாள் வேலைக்குத்தான் காணும்.

வருமானமும் அப்படியே. இயற்பியலாளர்கள் லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நகரத்தின் மக்கள்தொகை இரட்டித்தால் தலைக்கான வருமானமும் ஓரளவு கூடும். குற்றமும் தொற்றுநோயும் அதேபோலக் கூடும் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. பெருநகரத்தைப் புகழ்பவர்கள் முதல் பாதியையும், திட்டுபவர்கள் இரண்டாம் பாதியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வேலை தேடுபவர்கள் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் சொன்னதையும் நினைவில் வையுங்கள்: புது வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, அரைகுறையாய்த் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. சிறு நகரத்தில் அரைகுறைப் பழக்கமே கிடையாது, எல்லாம் முழுப் பழக்கம். எல்லோருக்கும் தெரிந்த ஒரே செய்திதான் சுற்றிச் சுற்றி வரும்.

ஆகவே, போக நினைப்பவர்கள் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள், வெயிலும் மழையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். பழைய வீட்டை விற்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்து, ஸ்கேன் எடுக்க இப்போது ஆள் உண்டா என்று கேளுங்கள். பகலில் கேட்டால் எல்லாம் உண்டு என்பார்கள். இணையத்துக்கு இரண்டு நிறுவன இணைப்பு வாங்கினால் போதாது, இரண்டும் ஒரே குழிக்குள் ஒரே கேபிளில் வருகின்றனவா என்று பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மனைவியின் வேலையையும் கணக்கில் சேருங்கள், அதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

ஒற்றைச்சன்னல்:

கணக்குப்பிள்ளை ஐயா, இங்கே ஆலோசனை கேட்டது யார்? சொந்தக் கதை மூன்று வரி, மீதியெல்லாம் பாடம்.

ஆனால் கடைசி வாக்கியம் குத்துகிறது. மறந்தவன் நான். என் வேலை எங்கிருந்தும் செய்யக்கூடியது. மனைவிக்கு ஆய்வகத்தில்தான் வேலை, இந்த ஊரில் அவள் துறைக்கு ஒரே ஒரு நிறுவனம். நேர்காணலுக்குப் போனாள். நாற்பது நிமிடம் பேசிவிட்டு, தகுதி அதிகமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பெருநகரமாக இருந்தால் மறுநாள் அடுத்த கதவைத் தட்டலாம், நிராகரித்தவரின் முகம் ஒரு வாரத்தில் மறந்துபோகும். இங்கே அந்த மனிதர் அடுத்த தெருவில் குடியிருக்கிறார். தினமும் காலை ஆறரைக்கு நாயோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போவார். “வணக்கம் அம்மா, ஏதாவது அமைந்ததா?” என்று கேட்பார். நல்ல மனிதர்தான். முதலில் அவள் வாசலில் நின்று பதில் சொன்னாள். இப்போதெல்லாம் ஆறு இருபதுக்கே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

நடுச்சாமம்:

எனக்குப் பெரிய கதை இல்லை. முதல் வாரம் முழுக்கத் தூங்கவில்லை, சத்தம் இல்லாததால். இரவில் ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடும்வரை கண் அசரும். அது நின்றதும் விழிப்பு வந்துவிடும். மூன்றாம்மாடி, உங்களுக்கும் மாத்திரையின் காரணம் இதுதானா என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

பழைய வீட்டை விற்காதீர்கள் என்பதை மீண்டும் ஒருமுறை சொல்கிறேன்.

திரும்பியவன்:

விற்றவன் நான், ஐயா. இங்கே எல்லோரும் போனவர்கள், திரும்பியவன் எழுதலாமா தெரியவில்லை.

பெருநகரத்து அடுக்குமாடி வீட்டை விற்ற பணத்தில் சிறு நகரத்தில் தோட்டத்தோடு தனி வீடு. மூன்று வருடம் ராஜவாழ்க்கை. பிறகு என் நிறுவனம் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்றது. விற்கப் போனால் அங்கே விலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாங்க வந்தால் இங்கே அது ஓடியே போய்விட்டது. கிடைத்தது நகரத்தின் விளிம்பில் முன்னதில் பாதி அளவு வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாகப் போனவன், பழைய வீட்டின் கீழே தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். என் பால்கனிக் கொடியில் யாரோ ஒரு குழந்தையின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கொக்கியைச் சுவரில் அடித்தவன் நான். காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஏழு வருடம் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்ட அதே காவலாளி.

இரவுப்பணி:

பார்த்தீர்களா? நான் சொன்னதும் இதைத்தானே.

வெள்ளைப்பலகை:

இல்லை, நீங்கள் சொன்னது இது இல்லை.

மூன்றாம்மாடி:

நடுச்சாமம், காரணம் அதுவல்ல, விடுங்கள். கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு நன்றி, இரவு பதினொரு மணிக்குப் போன் செய்து கேட்டேன், எடுக்கவே இல்லை.

எழுதியபின் மனம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவையாக இன்று மாலை அந்தக் கடைக்குப் போனேன். பெரியவர் இல்லை, புதிதாக ஒரு பையன் நின்றான். அப்பாடா என்றிருந்தது. சீட்டை வாங்கிப் படித்தான், பெயரைப் பார்த்தான், என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ஓ, நீங்கள்தானா அது” என்றான்.