தாத்தா வீடு குழு: ஜூலை 15

சென்னை சித்தப்பா (காலை 7:05): காமராஜர் பிறந்தநாள் படம் அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள். கல்விக் கண் திறந்த தலைவர் 🙏

மதுரை அக்கா: எங்கள் பள்ளியில் இன்று கல்வி வளர்ச்சி நாள் விழா. பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாம் உண்டு. இப்போது கிளம்புகிறேன், மதியம் பேசுகிறேன்.

நான்: எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிகளுக்கு உணவுத் திட்டம் போட்டுத் தரும் ஒரு நிறுவனம், பள்ளி ஊட்டச்சத்து ஆலோசகர் என்று பதவி. அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சென்னை சித்தப்பா: அடடே, வாழ்த்துகள் கண்ணு!

திருச்சி அத்தை: ரொம்ப சந்தோஷம்டா தங்கம்.

அப்பா: வீட்டில் நேற்று இரவே சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதைத்தான் இங்கே கேட்கிறேன். எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள், வங்கித் தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்ன சமைக்கலாம் என்று சொல்வதை நம்பி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா? அண்ணா, நீங்கள் சொல்லுங்கள்.

கோவில்பட்டி பெரியப்பா (காலை 7:48): தம்பி, பொறுமையாகப் படி. நெ.து.சுந்தரவடிவேலு என்ற பெயர் உனக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்துக்காரர், 1912இல் பிறந்தவர். காமராஜர் முதலமைச்சரான அதே 1954இல் இவர் பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். முதலமைச்சர் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று சொன்னார், சரி, சொன்ன மாத்திரத்தில் உலை கொதித்துவிடுமா? கஜானாவில் அதற்கென்று பணம் இல்லை. 1956இல் எட்டயபுரத்தில் திட்டத்தைத் தொடங்கியபோது அது ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையில்தான் நடந்தது. அரசு மானியம் 1957 நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசி, தலைமையாசிரியர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் உட்காரவைத்து, இந்தப் பள்ளிக்கு அரிசி யார் தருவது, விறகு யார் தருவது என்று தீர்த்துவைத்தது அவரும் அவருடைய துறை ஆட்களும்தான். எங்கள் ஊரில் அம்மா உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைப்பார்கள், சனிக்கிழமை வாத்தியார் வந்து வாங்கிப் போவார். நான் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். காமராஜர் படத்தை அனுப்புகிறோம், அனுப்பத்தான் வேண்டும், ஆனால் அந்த இயக்குநர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அப்பா: அண்ணா, அவர் அரசு இயக்குநர். இவள் போகப்போவது தனியார் கம்பெனி. இரண்டும் ஒன்றா?

கோவில்பட்டி பெரியப்பா: ஒன்று இல்லை. ஆனால் சோற்றில் தொடங்கி எங்கே போகலாம் என்று கேட்டாய், அதற்குத்தான் சொல்கிறேன். அவர் அத்தோடு நிற்கவில்லை. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். கட்டடம், கரும்பலகை, மேசை, சீருடை எல்லாவற்றுக்கும் ஊரே கொடுத்தது. பொது நூலகத் துறையும் அவர் கையில் இருந்தது. 1961இல் பத்மஸ்ரீ. 1969இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அதுவும் ஏ.எல்.முதலியார் 27 வருடம் இருந்த நாற்காலியில்! அப்படிப்பட்டவரும் பிள்ளை தட்டில் என்ன விழுகிறது என்று கவலைப்பட்டவர்தான்.

சென்னை சித்தப்பா: அண்ணா, மதிய உணவு அதற்கும் முன்னாலேயே சென்னையில் இருந்ததே? ஆயிரம் விளக்குப் பக்கம் போகும்போது யாரோ சொன்னார்கள்.

கோவில்பட்டி பெரியப்பா: இருந்தது. நீதிக்கட்சிக் காலம், 1920. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அவர் அதே வருடம் மாகாண முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். அப்படி ஒருவர் தொடங்கியதே 1925இல் நின்றுவிட்டது, காரணம் தெரியுமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக்கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிடவில்லை என்றோ சாப்பாடு சரியில்லை என்றோ நிற்கவில்லை, எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு என்பதில் நின்றது. அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலைக்குக் கோட்டையில் ஒருவர் வேண்டும், கல்வித் துறையில் ஒருவர் வேண்டும், அடுப்படியில் ஒருவர் வேண்டும். மூன்று பேரும் ஒருவர் மொழியை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்றால் பிள்ளை பட்டினி.

நான்: பெரியப்பா, இதெல்லாம் எங்கள் பாடத்தில் இல்லவே இல்லை. கலோரி, புரதம், இரும்புச்சத்து எவ்வளவு என்பதோடு சரி.

திருச்சி அத்தை (காலை 9:20): சமையலை முடித்துவிட்டு இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அண்ணன் கோட்டைக் கதை சொல்லிவிட்டார், நான் அடுப்படிக் கதை சொல்கிறேன். 1982 ஜூலை 1ஆம் தேதி எங்கள் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்தார். உங்கள் மாமா தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை, கையில் பிள்ளை, எனக்கு 22 வயது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவு இல்லாதவர்களுக்கும் முன்னுரிமை என்றார்கள், அமைப்பாளர் வேலை கிடைத்தது. அந்த வேலை இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். முதலில் கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், அந்த செப்டம்பரிலேயே நகரத்துக்கும் வந்தது, 1984இல் பெரிய வகுப்புகளுக்கும் வந்தது.

திருச்சி அத்தை: கண்ணு, நீ கலோரி என்றாய். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று கணக்கு. தாளில் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளும் 100 கிராம்தான். ஆனால் திங்கட்கிழமை பார், பிள்ளைகள் இரண்டாம் தடவை மூன்றாம் தடவை தட்டை நீட்டுவார்கள். சனி ஞாயிறு வீட்டில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அவ்வளவு போகாது. இதை எந்தப் பதிவேட்டிலும் எழுத இடம் கிடையாது, உலை வைக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

திருச்சி அத்தை: 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. முட்டை நாளில் ஒரு பிள்ளை கூட லீவு போடாது. ஒரு பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு, சோற்றை மட்டும் தின்றுவிட்டு முட்டையைப் பாவாடை மடிப்பில் சுற்றிவைத்துக்கொள்ளும். கேட்டால் வாயைத் திறக்காது. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், வீட்டில் தம்பி, நடக்கப் பழகுகிற வயது, அவனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டவா முடியும்? மறுநாளே அந்தப் பையனைப் பால்வாடியில் சேர்க்கச் சொல்லி அவன் அம்மாவைக் கையோடு கூட்டிப் போனேன். அதற்கப்புறம்தான் அவள் முட்டையை அவளே தின்றாள். நீ போடுகிற கணக்கில் அந்த முட்டை அவள் வயிற்றுக்குள் போனதாகத்தான் இருக்கும்.

நான்: அத்தை 😢 இதை நீங்கள் இதுவரை சொன்னதே இல்லையே.

திருச்சி அத்தை: யார் கேட்டீர்கள்? 2010இல்தான் வாரம் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அப்புறம் கலவை சாதம், வெஜிடபிள் பிரியாணி, மிளகு முட்டை எல்லாம் வந்தது. தட்டு கழுவுகிற குழாயடியில் பத்து நிமிடம் நின்றால் போதும், எது பிடித்தது, எது வேகவில்லை, எந்தக் காயை ஒதுக்கினார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கே நின்று பார்ப்பதை விடவில்லை.

மதுரை அக்கா (மதியம் 1:10): இப்போதுதான் போனை எடுத்தேன். அத்தை எழுதியதைப் படித்து எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன். சித்தப்பா, தங்கச்சி வேலைக்கு மனசு ஒப்பவில்லை என்றீர்களே, நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தை எங்கள் மதுரையில்தான் தொடங்கி வைத்தார், முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். மறுவருடம் ஆகஸ்ட் 25 திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் முதல் பிரிவேளையில் பாதிப் பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்த்துக் கிடப்பார்கள், பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறார்கள். காலை ஒன்பதரைக்குக் கணக்கு நடத்த முடிகிறது, வேறென்ன வேண்டும்? சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழு அம்மாக்கள், சிலருடைய பிள்ளைகளே அங்கே படிக்கிறார்கள்.

அப்பா: அதெல்லாம் அரசு செய்வது. அதில் இவளுக்கு என்ன இடம்?

மதுரை அக்கா: இடம் இருக்கிறது சித்தப்பா. அந்த அம்மாக்களுக்கு ஒரு கேள்வி வந்தால் கேட்க ஆள் இல்லை. உப்புமாவில் போட்ட காயைப் பிள்ளைகள் பொறுக்கி எடுத்து வைக்கிறார்கள், துருவிப் போடலாமா, சாம்பாரில் மசித்துவிடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள், எனக்கு என்ன தெரியும்? இதைப் படித்தவள் நம் வீட்டில் இருக்கிறாள். தனியார் பள்ளிகளும் சும்மா இல்லை, அங்கே டப்பாவில் சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும்தான் வருகிறது, அந்தப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஆள் வேண்டும்.

கோவில்பட்டி பெரியப்பா: மகள் சரியாகச் சொன்னாள்.

அப்பா: சரி, நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. சம்பளம் குறைவு, ஒப்பந்த வேலை, இரண்டும் உண்மை. அதனால் ஒன்று செய்யட்டும், இதில் சேரட்டும், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தையும் விடாமல் போடட்டும். நாளைக்குக் கல்வித் துறைக்கோ சமூக நலத் துறைக்கோ உள்ளேயிருந்தே வேலை பார்க்கிற வாய்ப்பு வந்தால் நல்லதுதானே.

கோவில்பட்டி பெரியப்பா: இதுதான் பேச்சு. இயக்குநராகவே வரட்டும்!

நான்: நன்றி அப்பா ❤️ இரண்டும் செய்கிறேன், சத்தியமாக. அத்தை, சேருவதற்கு முன்னால் நான் திருச்சிக்கு வரட்டுமா? நீங்கள் வேலை பார்த்த சத்துணவுக் கூடத்தில் இரண்டு மூன்று நாள் நிற்க விடுவார்களா?

திருச்சி அத்தை: இப்போது இருக்கிற அமைப்பாளர் எனக்குக் கீழே சமையல் உதவியாளராக இருந்தவள்தான். ஆனாலும் தலைமையாசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்துவிடு, திங்கட்கிழமை நீ பார்க்க வேண்டும். துப்பட்டா வேண்டாம், அடுப்புப் பக்கம் பருத்திச் சுடிதார்தான் சரி. அந்தக் கலோரி நோட்டையும் எடுத்து வா, அவளுக்கும் சொல்லிக் கொடு.

மதுரை அக்கா: திருச்சி முடிந்ததும் அப்படியே மதுரைக்கு வா. காலை உணவு பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கே அடுப்படியில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் தங்கிக்கொள்.

நான்: வருகிறேன் அக்கா. ஞாயிறு பகல் ரயிலுக்கு இப்போதே டிக்கெட் பார்க்கிறேன்.