புதுப்பிப்பு: முன்கண்ணாடி மங்கல் போய்விட்டது

இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் என் காரின் முன்கண்ணாடி முழுக்கப் பரவிக் கண் கூசுகிறது, எவ்வளவு துடைத்தாலும் மங்கல் போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மங்கலுக்குக் காரணமான எண்ணெய்ப் படலம் இருந்தது உள்பக்கம். கார் வெயிலில் நிற்கும்போது, டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருட்கள் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிகின்றன. வெறும் தண்ணீர் அதை இழுவிவிடுமே தவிர எடுக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் (கை சானிடைசர்களில் சேர்க்கும் ஒரு வகை ஆல்கஹால்) டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து, கதவுகளைத் திறந்து வைத்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைத்தேன். துணியின் மடிப்பை அடிக்கடி மாற்றுங்கள். இல்லையென்றால் எடுத்த பிசுக்கையே திரும்பப் பூசுவோம். உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. அந்தத் துணிகளை ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டுத் துவைக்க வேண்டாம், அதுவும் படலம் விடும்.

உள்ளே மேலும் கீழுமாக, வெளியே இடம் வலமாகத் துடைத்தால் மிச்சக் கோடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அருமையான யோசனை, சொன்னவருக்குத் தனி நன்றி.

வெளிப்பக்கம் இருந்தது போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை. தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் கரைந்தது, அப்புறம் நன்றாகக் கழுவிவிட்டேன்.

சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அம்மோனியா உள்ள கிளீனர் வேண்டவே வேண்டாம், ஃபிலிம் கெட்டுவிடும். பின்கண்ணாடியில் டீஃபாகர் கோடுகள் (சூடாகி ஈரப்பனியைப் போக்கும் மெல்லிய கோடுகள்) இருந்தால், அவை போகும் திசையிலேயே மெதுவாகத் துடையுங்கள்.