மீன்தொட்டியின் அடியில் கிடப்பதற்கு என்ன பெயர்?

வணக்கம்.

மீன்தொட்டியின் அடியில் பரப்பும் மணல், சரளை வகையறாவுக்கு (ஆங்கிலத்தில் சப்ஸ்ட்ரேட்) ஒரு பொதுச்சொல் கேட்டு வந்த மடலையும், அதற்கு வந்த பரிந்துரைகளையும் படித்தேன். அடிமூலக்கூறு, தளப்பொருள், அடித்தளம், அடிவிரிப்பு, தருமணல் என்று இதுவரை ஐந்து சொற்கள் வரிசையில் நிற்கின்றன. நான் மொழியறிஞன் இல்லை. பல வருடங்களாக சிக்லிட் என்ற குடும்பத்து மீன்களை வளர்க்கிறவன். மணல் அலசிய கையோடு வந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிமூலக்கூறை வழியனுப்பிவிடலாம். இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்தால் நீர் மூலக்கூறு என்று பள்ளியில் படித்தோமே, அந்த மூலக்கூறுக்கும் ஒரு வாளி மணலுக்கும் என்ன உறவு? எந்திர மொழிபெயர்ப்பு எங்கோ தடுக்கி விழுந்ததில் பிறந்த சொல் போலிருக்கிறது இது. "அடிமூலக்கூறு 4 செ.மீ. இருக்கட்டும்" என்ற வரியைப் படித்துவிட்டு, அது ஏதோ மருந்து என்று நினைத்து, எத்தனை சொட்டு விடவேண்டும் என்று என்னிடம் கேட்ட புதியவர் ஒருவர் உண்டு. அவர்மேல் தப்பில்லை.

தளப்பொருள் பாடநூல்களில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. நொதி எதன்மேல் வினைபுரிகிறதோ அதற்குப் பெயர். அது அங்கேயே இருக்கட்டும்.

அடித்தளம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் வளர்க்கிறவர் வாயில் நாள்தோறும் வரும் வாக்கியங்களில் போட்டுப் பாருங்கள். "இரண்டு மூட்டை அடித்தளம் வாங்கினேன்." "அடித்தளத்தை ஐந்து தடவை அலசினேன்." "மீன் அடித்தளத்தை வாயில் அள்ளுகிறது." வீட்டுக்கே ஆபத்து வந்ததுபோல் இருக்கிறது! அடித்தளம் என்றால் அசையாமல் கிடந்து எதையாவது தாங்கவேண்டும். சிக்லிட் தொட்டியில் கிடக்கும் மணல் ஒரு நாள்கூட அசையாமல் கிடப்பதில்லை.

தென்னமெரிக்க சிக்லிட்களில் ஜியோஃபேகஸ் என்று ஒரு பேரினம். கிரேக்கத்தில் அதற்கு மண்தின்னி என்றுதான் பொருள். அது தீனி தேடுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். தலையைத் தாழ்த்தி, வாயை மணலில் புதைத்து ஒரு வாய் அள்ளும். அப்படியே நின்று வெற்றிலை மெல்லுகிறவரைப்போல நிதானமாக மெல்லும். தின்னக்கூடியதை உள்ளே நிறுத்திக்கொண்டு, மணலை இரண்டு செவுள் மூடிகளின் வழியாகவும் சல்லடையிலிருந்து மாவு இறங்குவதுபோல இறக்கிவிடும். அப்புறம் ஒரு அடி நகர்ந்து அடுத்த வாய். இந்த மீனுக்குக் கூர்முனையுள்ள நொறுக்குமணலைப் போட்டால் செவுள் என்னாகும் என்று யோசியுங்கள். சரளையைப் போட்டாலோ அள்ளவே முடியாது. போடுகிற தீனியும் கல்லிடுக்கில் இறங்கி அழுகும். ஒரு மில்லிமீட்டருக்குள், முனை மழுங்கிய மணல்தான் அதற்குச் சரி.

மற்ற சிக்லிட்களும் சளைத்தவை அல்ல. ஜிலேபிக் கெண்டை என்று நாம் சொல்லும் திலாப்பியாவும் இந்தக் குடும்பம்தான். முட்டையிடும் பருவத்தில் ஆண் மீன் குளத்தடியில் வட்டமாகக் குழி பறிக்கும். நீர் வற்றும்போது பார்த்தால், சேற்றில் யாரோ கிண்ணங்களை அமுக்கி எடுத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் சில இனங்களின் ஆண்கள் வாய்வாயாக மணலைச் சுமந்து வந்து குவித்து, மேடு கட்டிப் பெண்ணை அழைக்கும். ஆக, நமக்கு வேண்டிய சொல் அள்ளவும் அலசவும் சலிக்கவும் தோண்டவும் இடம்கொடுக்கவேண்டும்.

தருமணலைப் பரிந்துரைத்த அம்மாவுக்கு ஒரு தனி வணக்கம். நெடுநல்வாடையில் அரண்மனை முற்றத்தில் பரப்பிய மணலுக்கு வரும் சொல் அது. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து இட்ட மணல் என்று பொருள். நம் தொட்டி மணலின் கதையும் அதுதானே? சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சரளையும் செடித்தொட்டி மண்ணும் நத்தை ஓடும் அதற்குள் அடங்கமாட்டா. அடிவிரிப்பு எல்லாவற்றையும் அடக்கும். கேட்டதும் பாய் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான் என் குறை.

என் பரிந்துரை படுகை.

படு என்றால் கிடப்பது, படிவது. ஆற்றுப்படுகை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்தில் தொட்டியின் அடியில் அமைந்த அடுக்கையும், மூட்டையில் வாங்கும் பொருளையும் ஒரே சொல் சுமக்கிறது. தமிழிலும் ஒரே சொல்லில் இரண்டையும் கட்டப் பார்ப்பதால்தான் இத்தனை பரிந்துரையும் முரண்டு பிடிக்கின்றன. பிரித்துவிடுவோம். தொட்டியில் அமைந்தபின் அது படுகை. அதற்கு முன்னால் அது படுகைமணல், படுகைச்சரளை, படுகைமண். "35 கிலோ படுகைமணல் வாங்கினேன், படுகை 4 செ.மீ. வந்தது" என்றால் யாருக்கும் விளக்கவுரை வேண்டாம். (கணக்கும் சரிதான். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 4 செ.மீ. உயரத்துக்கு 21.6 லிட்டர் மணல் பிடிக்கும். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ.)

கூடவே இரண்டு துணைச்சொற்கள். நீரின் தன்மையைத் தொடாத குவார்ட்ஸ் மணலுக்கு, மந்த வாயு என்பதைப் பின்பற்றி மந்தமணல். பவளத்தூள், அரகோனைட் போல மெல்லக் கரைந்து நீரின் கடினத்தையும் பிஎச் (அமில, காரத் தன்மை) அளவையும் ஏற்றும் வகைக்குச் சுண்ணமணல். வாங்கப்போகிற மணல் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு பிடி எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் பிஎச் 9-ஐ ஒட்டியது, மலாவி ஏரியில் 8-ஐ ஒட்டியது. அந்த மீன்களுக்குச் சுண்ணமணல் ஒத்தாசை. ஒத்தாசை மட்டும்தான். பிஎச் 8-ஐத் தாண்டியபின் சுண்ணம் கரைவது மிகவும் மெதுவாகிவிடும், ஆகவே மணலே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. மென்னீரில் பிறந்த தென்னமெரிக்க மீன்களுக்கு மந்தமணல் போதும். நீச்சல்குளத்து வடிகட்டியில் போடும் மணல் அரை மில்லிமீட்டரை ஒட்டி ஒரே சீராக இருப்பதால் நான் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறேன். தூசியும் குறைவு, அலசும் வேலை பாதி மிச்சம். ஆற்றுமணல் என்றால் சலித்து, வாளி நீர் தெளியும்வரை அலசியே தீரவேண்டும்.

படுகை பற்றி உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

---

அன்பரே,

படுகை நல்ல சொல். இரண்டு தடைகள் மட்டும். காவிரிப் படுகை என்னும்போது நாம் ஆற்றின் அடியைச் சொல்வதில்லை, அதன் வடிநிலம் முழுவதையும் சொல்கிறோம். குழப்பம் வராதா? இன்னொன்று, மணலுக்குக் கீழே இருக்கிற கண்ணாடியை என்ன சொல்வீர்கள்? அடி என்றால் அதுவும் அடிதான், மணலும் அடிதான்.

---

ஐயா,

முதல் தடைக்குப் பெரிதாகக் கவலைப்படவேண்டாம் என்று நினைக்கிறேன். இரண்டடி மீன்தொட்டியைப் பற்றிப் பேசும்போது வடிநிலம் யாருக்கும் நினைவுக்கு வராது. இன்னொன்றும் சொல்கிறேன். டாங்கனிக்கா ஏரியடியில் செத்த நத்தைகளின் ஓடுகள் பெரும்பரப்பாகக் குவிந்து கிடக்கும் இடங்கள் இருக்கின்றன. சிறு சிக்லிட்கள் சில அந்த ஓடுகளுக்குள்ளேயே குடியிருந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒசெல்லேட்டஸ் என்ற மீன் தன் ஓட்டைச் சுற்றி மணலைப் பறித்துப் பறித்து, வாசல் மட்டும் தெரியும்படி புதைத்துவிடும். அந்த இடத்தை ஓட்டுப்படுகை என்று எழுதிப் பாருங்கள். ஏரிக்கும் பொருந்துகிறது, அதைப் பார்த்து நாம் அமைக்கும் தொட்டிக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது கேள்வி முக்கியமானது, அதை நான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். கண்ணாடிக்குத் தொட்டித்தரை என்ற பெயரை முன்வைக்கிறேன். மணலே போடாமல் வைத்தால் அது வெறுந்தரைத் தொட்டி.

இந்த வேறுபாட்டுக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். "பாறைகளை அடித்தளத்தில் உறுதியாக அமைக்கவும்" என்று எங்கோ படித்ததை நம்பி, முதல் தொட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் மூன்றடுக்காகக் கல் வைத்தேன். கையால் அசைத்துப் பார்த்தேன், மலைபோல் நின்றது. அதில் வளர்த்த ஆண் சிக்லிட் ஒன்று ஒரு வாரமாகக் கீழ்க்கல்லின் ஓரத்தில் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்ததை நான்தான் ரசித்து உட்கார்ந்து பார்த்தேன். ஓர் இரவு சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டால் மேல்கல் சாய்ந்து பக்கக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கிறது, மூலையிலிருந்து நடுவரைக்கும் விரிசல், தரையெல்லாம் தண்ணீர். மீன்களை வாளியில் பிடித்துப் போட்டேன், உயிர்ச்சேதமில்லை.

கல் தொட்டித்தரையில் நிற்கவேண்டும், படுகை கல்லைச் சுற்றி வரவேண்டும். அப்போது மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் நின்ற இடத்தில் நிற்கும். தரைக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நுரைத்தகடோ பிளாஸ்டிக் வலையோ வைத்தால் இன்னும் நல்லது. அன்று நான் படித்த வரியில் தொட்டித்தரை என்று இருந்திருந்தால் அந்தக் கண்ணாடி பிழைத்திருக்கும்.

மணலின் பருமனுக்குச் சொற்கள் பாக்கி இருக்கின்றன. நுண்மணலுக்கு அயிர் என்று பழைய சொல் இருக்கிறது, சின்னக் கல்லுக்குப் பரல் இருக்கிறது. அயிர், குறுமணல், பருமணல், பரல், சரளை என்று வரிசை கட்டலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள். எதற்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதை நாலு பேர் சல்லடை வைத்துச் சலித்துப் பார்த்துவிட்டு எழுதுவோம்.