சின்னக் கைக்கு எந்த கிரிப் (கைப்பிடி)? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றுக் கைத்துப்பாக்கி) சுடுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

கடலோரக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மற்றக் கையால் சுட்டு கலப்பு இரட்டையரில் வெள்ளி எடுத்ததைப் பார்த்த நாளிலிருந்து இந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு வழியாகக் கழகம் ஒன்றில் சேர்ந்து இப்போது எட்டு மாதம். வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்ததும் 100ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கியாவது போய்விடுவேன்.

துப்பாக்கி என்னுடையதல்ல, கழகத்துடையது. அதில் இருப்பது மீடியம் அளவு வால்நட் மர கிரிப், கீழே உள்ளங்கையைத் தாங்கும் தட்டும் உண்டு. என் கை நன்றாகச் சின்னது. விசை வரைக்கும் விரல் எட்டவேண்டும் என்றால் கையை வலப்பக்கமாகச் சுற்றிப் பிடிக்கவேண்டி இருக்கிறது. அப்படிப் பிடித்தால் முன் குறி (குழல் நுனியில் குறிபார்க்க இருக்கிற முள்) எப்போதும் பின் குறியின் பள்ளத்துக்குள் வலது ஓரமாக ஒதுங்கி நிற்கும், மணிக்கட்டைத் திருகித்தான் நடுவுக்குக் கொண்டுவருகிறேன். முதல் 20 சூடு ஒழுங்காகப் போகும், அதற்குப் பிறகு மணிக்கட்டு களைத்து எல்லாம் சிதறும். 60 சூட்டில் 600க்கு 520ஐத் தாண்டவே முடியவில்லை.

அண்ணா டிசம்பரில் கனடாவிலிருந்து வருகிறார், ஸ்மால் அளவு கிரிப் ஒன்று வாங்கிவரட்டுமா என்று கேட்கிறார். கையின் வடிவத்துக்கே செதுக்கிய, எல்லாப் பக்கமும் இறுகப் பிடிக்கிற வகையா, இல்லை தட்டு எதுவும் இல்லாத சாதாரண வகையா, எது நல்லது? அல்லது இருக்கிற மீடியத்தையே புட்டி (மரத்தில் அப்பினால் காய்ந்து இறுகும் பசை) வைத்துச் சரிசெய்யலாமா? விலை அதிகம் சொல்கிறார்கள், ஒரு தடவைதான் வாங்கமுடியும்.

மொறட்டுவைப் பெடியன்:

அக்கா, நான் சுடத் தொடங்கி ஆறு வருஷம். எனக்குச் சரிவந்தது இறுக்கமான வகைதான். உள்ளங்கை தட்டை நன்றாக மேலே ஏற்றி, கை அசைய இடமே இல்லாமல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பிடிபடும். தட்டு இல்லாத கிரிப்பைத் தொடக்கூட வேண்டாம், அதில் கை ஒரு சூட்டுக்கு ஒரு இடத்தில் போய் நிற்கும்.

அளவு விஷயத்தில் ஸ்மாலை எடுங்கள். சிறிதாக இருந்தால் புட்டி வைத்துப் பெருப்பிக்கலாம், பெரிதாக இருந்தால் மரத்தைச் செதுக்கத்தான் வேண்டும், செதுக்கியதைத் திரும்ப ஒட்டமுடியாது. எங்கள் பக்கத்தில் தளபாடம் செய்கிற பாஸ் (தச்சர்) ஒருவரிடம் முழு கிரிப்பையே தேக்கில் செய்து பார்த்தேன். வெளிவடிவம் கையில் வெண்ணெய் மாதிரி உட்கார்ந்தது, ஆனால் துப்பாக்கியின் இரும்பு உள்ளே போய் உட்காருகிற அந்தக் குழி மயிரிழை பிசகிவிட்டது, ஆணியை எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்கவில்லை. பாஸில் பிழை இல்லை, அந்த வேலைக்கு வேறு மாதிரி மெஷின் வேண்டும். உட்குழி கம்பனி செய்ததாகவே இருக்கட்டும், வெளிப்புறத்தை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

பத்து மீட்டர்:

தம்பி சொன்னதில் அளவு விஷயம் சரி, தட்டை மேலே ஏற்றி இறுக்குவது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் பல வருஷமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், தட்டை நெருக்கி வைத்துக் கையைப் பூட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் தடுமாறியவர்கள். கை ஒரே அளவில் இருப்பதில்லை. கொழும்பு வெக்கையில் பஸ்ஸில் வந்து இறங்கினால் விரல் வீங்கியிருக்கும், ரேஞ்சுக்குள் ஏசியில் அரை மணித்தியாலம் நின்றால் சுருங்கும். இறுக்கமான கிரிப் காலையில் ஒரு மாதிரியும் பின்னேரம் வேறு மாதிரியும் பிடிபடும். தட்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற அளவு விட்டுப்பாருங்கள். துப்பாக்கியின் பாரத்தைத் தாங்கவேண்டியது நடுவிரல், தட்டு கையைச் சும்மா தொட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

தங்கச்சி, இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். எதையும் வாங்குவதற்கு முன்னால் விசையைப் பாருங்கள். போட்டித் துப்பாக்கிகளில் விரல் படுகிற அந்தச் சின்னத் தகடு ஒரு தண்டில் முன்னும் பின்னும் நகரும், ஒரு சின்ன ஆணியைத் தளர்த்தினால் போதும். கழகத் துப்பாக்கியில் அது கடைசியாகப் பாவித்த பெரிய கைக்காரரின் இடத்திலேயே நிற்கிறது என்று நினைக்கிறேன். பொறுப்பாளரிடம் சொல்லிப் பின்னுக்கு இழுத்து வையுங்கள். விரலின் முதல் கணுவின் நடுச்சதை விசையில் படவேண்டும், விரலின் மற்றப் பாகம் மரத்தில் எங்கேயும் உரசக்கூடாது. உரசினால் விசையை நேரே பின்னுக்கு இழுக்கமுடியாது, துப்பாக்கியும் கூடவே அசையும்.

அப்புறம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். குண்டு போடாமல், இலக்கைப் பார்த்து நின்று, கையை இறக்கி, கண்ணை மூடி, வழக்கம்போல உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறவுங்கள். மணிக்கட்டைத் திருத்தாமல் இரண்டு குறியும் எப்படி நிற்கின்றன என்று மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பத்துத் தடவை. பத்திலும் ஒரே பக்கம் ஒதுங்கினால் அது கிரிப்பின் பிழை. ஒரு தடவை வலம், ஒரு தடவை இடம் என்றால் நீங்கள் பிடிக்கிற விதம் இன்னும் நிலைக்கவில்லை, அதற்கு எந்த கிரிப் வாங்கியும் பயன் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த விளையாட்டில் கை ஆட்டத்தைவிடக் குறிகளின் கோணம்தான் ஆளைக் கொல்லும். துப்பாக்கி முழுதாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளிப் படும். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி வளையம் 11.5 மில்லிமீட்டர் விட்டம், ஆகவே அது இன்னும் பத்துதான். ஆனால் முன் குறி பின் குறியின் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், இரண்டு குறிக்கும் இடையில் 33 சென்ரிமீட்டர் என்று வையுங்கள், 10 மீட்டருக்கு அப்பால் அது 30 மில்லிமீட்டர் ஆகிவிடும். போய் விழுவது ஏழில். நீங்கள் 20 சூட்டுக்குப் பிறகு சிதறுகிறீர்களே, அது இதுதான், மணிக்கட்டால் திருத்துகிற அந்த 1 மில்லிமீட்டர்.

திரும்பி வந்தவன்:

நான் ஏர் பிஸ்டல்காரன் இல்லை. டெக்சாஸில் 9 வருஷம் இருந்துவிட்டு இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். அங்கே கூட வேலைசெய்தவர்கள் போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட் என்கிற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துக் குண்டேற்றுகிற) கைத்துப்பாக்கியால் மான் வேட்டைக்குப் போவார்கள், அவர்களுக்குள்ளும் இதே மாதிரிச் சண்டை நடக்கும், பிடி நடுவில் இருப்பதா பின்னால் இருப்பதா என்று.

1963இல் வந்த ரெமிங்டன் எக்ஸ்பி-100 பிடி நடுவில் உள்ளது, நைலோன் உடல். பாரம் கைக்கு இரண்டு பக்கமும் சமமாக விழும், நின்றபடி சுடச் சுகம். ஆனால் விசை முன்னால், அது விடுவிக்கிற கொக்கி பின்னால், இரண்டையும் ஒரு நீளக் கம்பி இணைக்கும், அதனால் விசை கொஞ்சம் குழைவாக இருக்கும் என்பார்கள். பிடியைப் பின்னால் வைத்தால் விசை சுத்தமாக விடுபடும், ஆனால் முன்பாரம் கூடிவிடும், இரண்டு கால் தாங்கியோ மணல் பையோ இல்லாமல் கஷ்டம். போல்ட்டை இழுக்கிற கை எது என்பது அடுத்த விஷயம். நடுப்பிடியை வலது கையில் வைத்திருந்தால் இடது கையால்தான் போல்ட்டை இழுக்க வசதி, அதனால்தான் சாவேஜ் ஸ்ட்ரைக்கர் என்ற இன்னொரு துப்பாக்கிக்கு போல்ட்டை இடப்பக்கம் வைத்தார்கள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அவர்கள் முதலில் கேட்பது எதில் தாங்கிச் சுடப்போகிறாய் என்று. பிறகுதான் பிடி. உங்களுக்குத் தாங்க எதுவும் இல்லை, ஒரு கை மட்டும். அப்படியென்றால் பாரம் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். முன்பாரம் கூடின துப்பாக்கியைச் சின்ன மணிக்கட்டு 60 தடவை தூக்கவேண்டும், கிரிப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பத்து மீட்டர்:

நல்ல விஷயம் சொன்னீர்கள் அண்ணா. தங்கச்சி, முன்னால் எடைக்கட்டி ஏதாவது போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். விதிப்படி 1500 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் உண்டு, இவ்வளவு எடை இருக்கவேண்டும் என்று இல்லை. விசையை இழுக்கிற பாரத்துக்குத்தான் குறைந்தது 500 கிராம், அதைத் தொடவேண்டாம்.

புட்டி வைக்கிறதென்றால் கழகத்து மரத்தில் வைக்காதீர்கள், அடுத்தவருக்கும் அது வேண்டும். துணி பிளாஸ்டரை வெட்டி அடுக்கி ஒட்டிப் பாருங்கள், உரித்தால் வந்துவிடும். சொந்த கிரிப் வந்த பிறகு ஹார்ட்வெயார் கடையில் இரண்டு பாகமாக வரும் மரப் புட்டியை வாங்கி, கையில் வாஸ்லைன் பூசிக்கொண்டு, கொட்டைப்பாக்கு அளவு மட்டும் வைத்துப் பிடியுங்கள். ஒரு நாள் காயவிட்டு, சுட்டுப் பார்த்து, பிறகு அடுத்தது. ஒரே நாளில் முழுக்க அப்பியவர்கள் எல்லோரும் மறுநாள் அரத்தோடு நின்றார்கள். வார்னிஷ் அடிக்காதீர்கள், வியர்வையில் வழுக்கும். சுட்டு முடிந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து உலரவிட்டால் போதும்.

போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள். தட்டு கிரிப்போடு 90 பாகைக்குக் குறையாமல் நிற்கவேண்டும், ஓரம் மேல்நோக்கி வளையக்கூடாது, மரம் கையைச் சுற்றி வளைக்கக்கூடாது, பெருவிரல் மேலே அசைய இடம் வேண்டும். முழுத் துப்பாக்கியும் 420, 200, 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கவேண்டும், புட்டியைப் பக்கவாட்டில் கூட வைத்தால் அந்த 50தான் முதலில் இடிக்கும். சுடுகிற கையில் காப்பு, கடிகாரம் எதுவும் கூடாது. அண்ணாவிடம் வாங்கச் சொல்லுவதற்கு முன்னால் கழகச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வெறும் மரம்தான் என்றாலும் துப்பாக்கியின் பாகம் என்று சுங்கத்தில் நிற்க வேண்டி வரும்.

மொறட்டுவைப் பெடியன்:

தாள் நுழைகிற இடைவெளியை நேற்று நானும் வைத்துப் பார்த்தேன். முதல் ஐந்தாறு சூடு கை அநாதரவாக இருந்த மாதிரி, பிறகு பழகியது. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இப்போதைக்கு என் பழைய பேச்சை முழுக்கத் திரும்பப் பெறவில்லை அண்ணா.

கடலோரக்காரி:

எல்லோருக்கும் பெரிய நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். விசைத் தகடு உண்மையாகவே முன் அந்தத்தில் நின்றது! பொறுப்பாளர் 6 மில்லிமீட்டர் போலப் பின்னுக்கு இழுத்துத் தந்தார். இழுப்பதற்கு முன்னால் கண்ணை மூடிப் பார்த்ததில் பத்துக்குப் பத்தும் வலப்பக்கம். இழுத்த பிறகு நாலு நடுவில், ஆறு வலப்பக்கம், அதுவும் முந்திய அளவு இல்லை. கையைச் சுற்றிப் பிடிக்கவேண்டிய தேவை பாதி குறைந்துவிட்டது. முன்னால் எடைக்கட்டி ஒன்று இருந்தது, அதையும் கழற்றினோம்.

60 சுட நேரம் இருக்கவில்லை, 40 சுட்டேன். கடைசிப் பத்துச் சூட்டில் 100க்கு 89. எனக்கு இது இதுவரை வராத எண். மிச்ச வலப்பக்கத்துக்குத்தான் ஸ்மால் கிரிப், தட்டு உள்ளதாக, செயலாளரிடம் கேட்டுக் கடிதம் எடுத்துக்கொண்டு அண்ணாவிடம் சொல்லப்போகிறேன். வந்ததும் பிளாஸ்டர் ஒட்டிப் படம் போடுகிறேன், எங்கே எவ்வளவு புட்டி என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.